பந்திக்குப் பின்னால் ஒரு சமையற்கட்டு

கல்யாண மண்டபங்களில் சமையற்கட்டு எங்கே இருக்கிறது என்று கவனித்திருப்பீர்கள். சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால், தனிக் கூரையின் கீழ், நடுவில் ஒரு நடையோ முற்றமோ விட்டுத்தான் இருக்கும். அடுப்புச் சூடும் புகையும் கிரைண்டர் சத்தமும் மாஸ்டரின் அதட்டலும் பந்தி வரை வரக் கூடாது. சாம்பார் மட்டும் வர வேண்டும். வீட்டில் நல்ல ஆடியோ செட் வைத்திருப்பவர்கள் பாட்டுக்கென்று தனியாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்பும்போது இந்த ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதிப் பாதி, விளம்பரங்கள் உண்டாக்குவது.

மியூசிக் சர்வர் என்பது பாட்டுக் கோப்புகளை அடுக்கி வைத்து, கேட்டதைத் தேடி எடுத்து, ‘டேக்’ எனப்படும் டிஜிட்டல்-அனலாக் மாற்றியின் வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் கம்ப்யூட்டர். எண்கள் மின் அலைகளாக மாறுவது டேக்கில். அதற்குப் பிறகு ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், அப்புறம் நாம் உட்கார்ந்து கேட்கும் அறை. ருசி என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தப் பிற்பாதியில்தான் தீர்மானமாகிறது.

சந்தையில் விலைக்கு எல்லையே இல்லை. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ராஸ்பெர்ரி பை பலகையும் மியூசிக் சர்வர்தான். கொரியாவின் ஆரெண்டர், போர்ச்சுகலின் இன்னுவோஸ், ஜப்பானின் மெல்கோ எல்லாம் லட்சங்களில் விற்பதும் மியூசிக் சர்வர்தான். மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு ப்ராசஸர், கொஞ்சம் ராம், ஒரு டிஸ்க், பெரும்பாலும் லினக்ஸ். பவர் சப்ளை, பெட்டியின் கனம், மென்பொருள் இவற்றில்தான் வித்தியாசம். அந்த வித்தியாசங்களில் எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்பதைத் தெரிந்துகொள்ள சமையற்கட்டுக்குள் ஒரு தடவை நடந்து பார்த்துவிடுவது நல்லது.

உக்கிராணம்

முதலில் சரக்கு அறை. ஒரு சி.டி.யில் நொடிக்கு 44,100 தடவை, ஒவ்வொரு தடவையும் 16 பிட் நுணுக்கத்தில், இரண்டு சேனல்களுக்கும் ஒலியை அளந்து எழுதியிருக்கிறார்கள். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 14,11,200 பிட். நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட். இதை அப்படியே மூட்டை கட்டி வைக்கலாம். ஆனால் 2001-ல் வந்த ஃப்ளாக் வடிவம் இன்னும் சாமர்த்தியமாக அடைக்கிறது. முந்தைய சில எண்களைப் பார்த்து அடுத்த எண் என்னவாக இருக்கும் என்று ஊகிக்கிறது. ஊகத்துக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதி வைக்கிறது. தம்புரா சுருதி போல நிதானமாக ஓடும் ஒலியில் ஊகம் அநேகமாகப் பலிக்கும், வித்தியாசம் சின்ன எண்ணாக இருக்கும், சின்ன எண்ணுக்குச் சின்ன இடம் போதும். இப்படிக் கோப்பு ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. விரிக்கும்போது ஒரு பிட் கூட மாறாமல் பழைய எண்களே திரும்ப வரும். எம்.பி.3 அப்படியல்ல, அது அரைத்த மாவு, மறுபடி அரிசியாகாது. ஃப்ளாக் நன்றாகக் குலுக்கி அடைத்த அரிசி மூட்டை.

ஃப்ளாக் எவருக்கும் சொந்தமில்லாத திறந்த வடிவம். 2024 டிசம்பரில் அது ஆர்.எஃப்.சி. 9639 என்ற எண்ணில் இணையத் தரமாகவே வெளியாகிவிட்டது. ஒரு நிறுவனத்தின் காப்புரிமைக்குள் அடங்கிய வடிவத்தில் உக்கிராணத்தை நிரப்புவது ஆபத்து. 2014-ல் ஆரவாரமாக அறிவிக்கப்பட்ட எம்.கியூ.ஏ.வின் கதை இதற்குப் போதும்: 2023-ல் அந்த நிறுவனம் திவால் நிர்வாகத்தின் கைக்குப் போய், பிறகு லென்ப்ரூக் என்ற கனடா நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

சரக்கைச் சுத்தமாக உள்ளே கொண்டுவருவதுதான் உண்மையான வேலை. ஆடியோ சி.டி.யில் கீறல் விழுந்த இடத்தைச் சாதாரண ப்ளேயர் அக்கம்பக்கத்து எண்களைப் பார்த்து உத்தேசமாக நிரப்பிவிட்டுப் போய்விடும், நமக்கும் தெரியாது. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, டிபிபவர்ஆம்ப் போன்ற மென்பொருட்கள் அப்படி விடுவதில்லை. சந்தேகம் வந்தால் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும். கடைசியில் கிடைத்த எண்களுக்கு ஒரு சரிபார்ப்புத் தொகை போட்டு, அதே சி.டி.யை உலகத்தில் வேறு யார் யார் எடுத்தார்களோ அவர்களுடைய தொகைகளோடு ஒப்பிட அக்யுரேட்ரிப் என்ற பொதுத் தளம் இருக்கிறது. நம் ஊரில் வெளியான பழைய படப் பாட்டு சி.டி.க்கும், சபாவில் பதிவு செய்து குறைந்த எண்ணிக்கையில் அடித்த கச்சேரி சி.டி.க்கும் அங்கே ஜோடி கிடைக்காமல் போகலாம். அப்போது இரண்டு தடவை, முடிந்தால் இரண்டு வேறு டிரைவ்களில் எடுத்து, இரண்டு தொகையும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். சர்வர் பெட்டியிலேயே சி.டி. வாயில் வைத்து, ‘போட்டால் போதும், தானாக ஏறிவிடும்’ என்று விற்கிறார்கள். சௌகரியம்தான். ஆனால் அது எப்படிச் சரிபார்க்கிறது, பிழை இருந்தால் எங்கே எழுதிக் காட்டுகிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இடம் இன்று ஒரு பிரச்சினையே இல்லை. ஒரு சி.டி. ஃப்ளாக்கில் 300-லிருந்து 400 மெகாபைட் வரும் என்று வைத்தால் ஒரு டெராபைட்டில் ஏறக்குறைய 2,500 சி.டி. அடங்கும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் கோப்புகள் இதைவிட மூன்று நான்கு மடங்கு இடம் கேட்கும், அவ்வளவே. எஸ்.எஸ்.டி. வாங்குவது சத்தம் இல்லாததற்காக. அது ‘இனிமையாக ஒலிக்கும்’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். அதில் மிச்சமாகும் பணத்தில் இன்னொரு டிஸ்க் வாங்கி, எல்லாவற்றையும் அதில் நகல் எடுத்து, வேறு வீட்டில் வைத்துவிடுங்கள். ரெய்டு என்ற பெயரில் ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் ஓடுவது இதற்கு ஈடாகாது. தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் ஒரே நேரத்தில் அழியும். வெள்ளம் வந்தாலும் இரண்டும் சேர்ந்தே முழுகும்.

கணக்குப்பிள்ளை

உக்கிராணத்தில் நூறு டின் இருந்து என்ன, சீரகம் எதில் என்று தெரியாவிட்டால் சமையல் நடக்காது. மியூசிக் சர்வரில் இந்த வேலையைச் செய்வது நூலக மென்பொருள். வாங்குபவர்கள் கடைசியாக யோசிப்பது இதைத்தான். தினமும் பத்துத் தடவை கைபடுவதும் இதுதான். பெட்டியின் அலுமினிய முகப்பை ஒரு வாரம் பார்ப்போம். தேடும் திரையோடு வருஷக்கணக்காகக் குடித்தனம் நடத்த வேண்டும்.

ஒவ்வொரு கோப்புக்குள்ளும் டேக்ஸ் (tags) எனப்படும் குறிப்புச் சீட்டுகள் இருக்கின்றன: பாட்டின் பெயர், பாடியவர், ஆல்பம், இசையமைப்பாளர், வருடம். கணக்குப்பிள்ளை கோப்பைப் பார்ப்பதில்லை, சீட்டைத்தான் பார்க்கிறார். சீட்டு எழுதியவர்கள் அமெரிக்க, ஐரோப்பிய ஆல்பங்களை மனதில் வைத்து எழுதினார்கள். நம் படப் பாட்டை உள்ளே விட்டால் உடனே கோளாறு தெரியும். ஒரு படத்தில் ஐந்து பாட்டு. ஐந்துக்கும் வேறு வேறு ஜோடிப் பாடகர்கள். ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டால், சில மென்பொருட்கள் ஒரே படத்தை ஐந்து ஆல்பமாக உடைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டை வைத்துக் காட்டும். அந்தக் கட்டத்தில் இசையமைப்பாளர் பெயரை எழுதினால் ஐந்தும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். வருடமும் அப்படித்தான். 1986-ல் வந்த ‘மௌன ராகம்’ பாட்டுகளை எந்த வருடத்துச் சி.டி.யிலிருந்து எடுத்தோமோ அந்த வருடத்தின் கீழே கொண்டுபோய் அடுக்கும், நாம் திருத்தாவிட்டால்.

கர்நாடக சங்கீதத்துக்கு வந்தால் வேலை இன்னும் கூடும். எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரை ஒரு சி.டி.யில் புள்ளி வைத்து, இன்னொன்றில் புள்ளி இல்லாமல், மூன்றாவதில் இனிஷியலைக் கடைசியில் போட்டு எழுதியிருப்பார்கள். கணக்குப்பிள்ளைக்கு அவர்கள் மூன்று வேறு பாடகிகள். ராகம், தாளம் என்று கட்டமே இருக்காது. இங்கே ஃப்ளாக் மறுபடி கைகொடுக்கிறது. அதன் குறிப்புச் சீட்டில் நாம் விரும்பிய பெயரில் கட்டம் திறந்துகொள்ளலாம். ‘ராகம்’ என்று ஒன்று, ‘தாளம்’ என்று ஒன்று. ஆனால் நாம் எழுதிய கட்டத்தை நூலக மென்பொருள் படிக்குமா, அதை வைத்துத் தேட விடுமா என்பது வேறு விஷயம். தோடி என்று தட்டினால் வீட்டிலுள்ள அத்தனை தோடியும் வரிசையாக வந்து நிற்க வேண்டும். அப்படி வராத சர்வர் எத்தனை லட்சமானாலும் கர்நாடக ரசிகருக்கு அரைப் பயன்தான். மியூசிக்பிரைன்ஸ் என்ற பொதுத் தகவல் களஞ்சியத்தில் கர்நாடக ராகத்துக்கும் தாளத்துக்கும் இடம் உண்டு. பார்சிலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் 2011-ல் தொடங்கிய கம்ப்மியூசிக் ஆய்வுத் திட்டம் கர்நாடகக் கச்சேரித் தகவல்களை அந்தக் களஞ்சியத்தில் சேர்த்தது. ஸ்பெயினில் உட்கார்ந்து நம் கச்சேரிக்குச் சீட்டு எழுதியிருக்கிறார்கள். நாம் நம் அலமாரிக்கு எழுதக் கூடாதா?

தமிழில் பெயர் எழுதுபவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாகவோ, ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவோ. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்று. பழைய மேக் கம்ப்யூட்டர்களின் டிஸ்க் அமைப்பு கோப்புப் பெயரைப் பிரித்து எழுதி வைக்கும். லினக்ஸ் சர்வர் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். மேக்கில் பெயர் வைத்த கோப்புகளை சர்வருக்கு மாற்றிவிட்டு, கீபோர்டில் ‘கொ’ என்று அடித்துத் தேடினால், கண் முன்னே இருக்கிற பாட்டு ‘இல்லை’ என்று வரக்கூடும். தேடும்போது இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கிற மென்பொருளா என்று நாலு தமிழ்ப் பெயர்களை ஏற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். கடைக்காரருக்கு இந்தக் கேள்வி புரியாது. நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கணக்குப்பிள்ளைகளில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஸ்லிம் டிவைசஸ் என்ற சின்ன நிறுவனம் தன் நெட்வொர்க் ப்ளேயர்களுக்காக எழுதிய திறந்த மூல மென்பொருள் ஒன்று. 2006-ல் அந்த நிறுவனத்தை லாஜிடெக் வாங்கியது, 2012-ல் பெட்டிகளைச் செய்வதை நிறுத்தியது. ஆனால் மென்பொருளை ரசிகர்கள் விடவில்லை. 2024-ல் லிரியான் மியூசிக் சர்வர் என்று பெயர் மாறி இன்றும் ஓடுகிறது, காசு கிடையாது. பழைய லேப்டாப்பிலும் போடலாம், ராஸ்பெர்ரி பையிலும் போடலாம். முகம் கொஞ்சம் பழசு, உழைப்பில் குறை இல்லை. இன்னொன்று 2015-ல் வந்த ரூன். ஆல்பத்துக்கு ஆல்பம், கலைஞருக்குக் கலைஞர் தாவித் தாவிப் படித்துக்கொண்டே கேட்கலாம். அந்த அனுபவத்துக்கு ஈடு இல்லை என்பார்கள், நியாயம்தான். சந்தா கட்ட வேண்டும், ஓரளவு வலுவான ப்ராசஸரும் எஸ்.எஸ்.டி.யும் வேண்டும். 2023 நவம்பரில் சாம்சங்கின் கைவசமுள்ள ஹார்மன் அதை வாங்கியது. ஜாஸும் மேற்கத்திய செவ்வியலும் கேட்பவர்களுக்கு அது தரும் தகவல் வளம் நம் பாட்டுகளுக்கு அதே அளவில் கிடைக்காது, கைவேலை மிச்சமிருக்கும்.

அடுப்பு

இங்கே அதிகம் நிற்க வேண்டியதில்லை. ஃப்ளாக்கை விரிப்பது இன்றைய ப்ராசஸருக்கு வெந்நீர் வைக்கிற வேலை. வெறுமனே பாட்டுப் போட ராஸ்பெர்ரி பையே தாராளம். பெரிய அடுப்பு தேவைப்படுவது மூன்று சந்தர்ப்பங்களில்தான்: ரூன் மாதிரி பெரிய நூலகம், ஹெச்.கியூ.ப்ளேயர் போன்ற மென்பொருள் கொண்டு ஒலியைப் பல மடங்கு உயர் வீதத்துக்கு மாற்றுவது, அறையின் எதிரொலிக் கோளாறை அளந்து அதற்குத் தக்கபடி ஒலியைத் திருத்துவது. மூன்றாவது மட்டும் உண்மையிலேயே காதுக்குத் தெரிகிற மாற்றம். அதற்காக ஒரு ஐ5, ஐ7 ப்ராசஸர் வாங்கினால் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு இடத்தில் மட்டும் இந்தச் சமையற்கட்டு மற்றவற்றிலிருந்து மாறுகிறது. இங்கே கைப்பக்குவம் கூடாது. மாஸ்டர் தன் இஷ்டத்துக்கு ஒரு சிட்டிகை உப்புக் கூடச் சேர்க்கக் கூடாது; வந்த சரக்கு அப்படியே இலைக்குப் போக வேண்டும். சாதாரண கம்ப்யூட்டரில் அது தானாக நடப்பதில்லை. விண்டோஸ் தன் வழக்கமான பாதையில் எல்லா ஒலிகளையும், பாட்டையும் மெயில் வந்த மணியையும், ஒரே மிக்ஸரில் கொட்டி, செட்டிங்கில் இருக்கிற ஒரே வீதத்துக்கு மாற்றித்தான் வெளியே விடும். அது 48,000 என்று இருந்தால் 44,100 வீதத்தில் வந்த சி.டி. பாட்டு 160-க்கு 147 என்ற அசௌகரியமான விகிதத்தில் மறுபடி கணக்கிடப்படும். வாஸபி எக்ஸ்க்ளூசிவ், ஏசியோ போன்ற நேர்வழிகளைத் தேர்ந்தெடுத்தால் மிக்ஸர் ஒதுங்கிக்கொள்ளும். பாட்டுக்கென்றே அமைத்த லினக்ஸ் சர்வர்கள் ஆரம்பத்திலிருந்தே இந்த நேர்வழியில் போவதால் தலைவலி குறைவு. தனியாக ஒரு கம்ப்யூட்டர் எதற்கு என்பதற்கு எனக்குத் தெரிந்து முதல் நியாயம் இது.

பரிமாறுவது

பந்தியில் இரண்டு விதமாகப் பரிமாறலாம். பரிமாறுபவர் தன் வேகத்துக்குப் போட்டுக்கொண்டே போவது ஒன்று. இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் கேட்கக் கேட்கப் போடுவது இன்னொன்று. டிஜிட்டல் ஆடியோவில் பல வருஷ வாக்குவாதம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து கொண்டுவந்த எஸ்.பி.டி.ஐ.எஃப். இணைப்பு முதல் வகை. எண்களும் ‘இப்போது அடுத்தது’ என்ற தாளக் குறிப்பும் ஒரே கம்பியில் சேர்ந்து வரும். அனுப்புகிற பெட்டியின் கடிகாரம் தள்ளாடினால், டேக் தன் சுற்றுகளால் அதைச் சமன் செய்துகொள்ளப் பார்க்கும். எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்பது டேக்குக்கு டேக் மாறும். தள்ளாட்டத்துக்கு ஜிட்டர் என்று பெயர். எண் சரியாக இருந்தும் அது அலையாக மாறும் நேரம் பிசகுவதுதான் இதன் கோளாறு.

அசிங்க்ரனஸ் யு.எஸ்.பி. இரண்டாவது வகை. இதில் தாளம் போடுவது டேக்கின் சொந்தப் படிகக் கடிகாரம். சர்வர் அதற்குக் கட்டுப்பட்டவர். கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். அதிவேக யு.எஸ்.பி.யில் நொடிக்கு 8,000 தடவை கரண்டி இலைப் பக்கம் வரும். சி.டி. பாட்டுக்கு நொடிக்கு 44,100 மாதிரி எண்கள் தேவை. வகுத்தால் கரண்டிக்கு 5.5125. அரை எண்ணைப் பரிமாற முடியாது. ஆகவே ஒரு கரண்டியில் 5, அடுத்ததில் 6, மறுபடி 5 என்று மாற்றி மாற்றி வரும். எப்போது 5, எப்போது 6 என்பதை டேக் தன் கையிருப்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருக்கும்: பாத்திரம் நிரம்புகிறது, கொஞ்சம் குறை, வற்றுகிறது, கொஞ்சம் கூட்டு. கையிருப்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அலையாக்குவது டேக் தன் தாளத்தில். சர்வரின் கடிகாரம் எவ்வளவு உயர்ந்த ரகம் என்பதற்கு இந்த வழியில் ஒரு வேலையும் இல்லை. சர்வருக்குள் விலையுயர்ந்த கடிகாரம் வைத்து விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

யு.எஸ்.பி. ஆடியோவில் ஒரு கரண்டி தவறி விழுந்தால் மறுபடி கேட்டு வாங்க வழி இல்லை என்பதும் உண்மை. ஆனால் அப்படி விழுந்தால் ‘டிக்’ என்றோ ஒரு வெட்டாகவோ பளிச்சென்று கேட்கும். ‘ஒரு மெல்லிய திரை விலகியது மாதிரி’ என்றெல்லாம் கேட்காது. டிக் கேட்கவில்லையா, உங்கள் கேபிள் தன் வேலையைச் செய்கிறது. சில நூறு ரூபாய்க் கேபிள் போதும்.

நெட்வொர்க் வழி அதைவிடச் சாவகாசமானது. டி.சி.பி. முறையில் வழியில் தொலைந்த பொட்டலத்தை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் பாட்டுக்கும் நொடிக்கு 92 லட்சம் பிட் போதும். பழைய 100 மெகாபிட் ஈதர்நெட்டில் அது பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. ‘ஆடியோஃபைல் ஸ்விட்ச்’ என்று தனி ரகம் விற்பதைப் பார்க்கும்போது, சாம்பார் வாளிக்கு வெள்ளிப் பிடி போட்டால் சாம்பார் மணக்கும் என்கிற கதைதான்.

இந்தப் பகுதியில் காசை விட முக்கியமான ஒரு சோதனை இருக்கிறது. கச்சேரி சி.டி.யில் ராகம் ஒரு ட்ராக், தானம் ஒரு ட்ராக், பல்லவி ஒரு ட்ராக் என்று பிரித்திருப்பார்கள். பாடியவர் நிறுத்தவே இல்லை. ட்ராக் மாறும் இடத்தில் சர்வரும் ப்ளேயரும் இழுத்துக்கட்டி ஒட்டாவிட்டால் தானத்தின் கடைசி அட்சரத்தில் ஒரு ஓட்டை விழும். கேப்லெஸ் என்று இதைச் சொல்வார்கள். வீட்டு நெட்வொர்க்கில் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் யு.பி.என்.பி. முறையில் அடுத்த பாட்டை முன்கூட்டியே சொல்லிவைக்கும் வசதி கட்டாயமில்லை, விருப்பம்தான்; அதனால் சில பெட்டிகளில் இருக்காது. இதே முறையில் இன்னொரு தொல்லை: பாட்டு வரிசை, பெட்டியைக் கட்டுப்படுத்தும் போனில் இருக்கும். போன் தூங்கிப்போனாலோ, நீங்கள் அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாலோ, ஓடுகிற பாட்டு முடிந்ததும் மௌனம். லின் நிறுவனத்தின் ஓப்பன்ஹோம், லிரியான், ரூன் ஆகியவற்றில் வரிசை பெட்டியிடமோ சர்வரிடமோ இருப்பதால் இந்தத் தொல்லை வராது.

புகையும் சத்தமும்

கம்ப்யூட்டர் ஒலிக்கு எதிரியாவது எண்களைக் கெடுத்து அல்ல. புகையும் சத்தமும் விட்டு. ஃபேன் ஓசையும் சுழலும் டிஸ்க்கின் முனகலும் காதுக்கு நேரே கேட்பவை. இன்னொன்று கம்பி வழியாக வருவது. யு.எஸ்.பி. கேபிளில் எண்கள் போகும் கம்பியோடு எர்த் கம்பியும் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் ஸ்விட்ச்-மோட் பவர் சப்ளையும் ப்ராசஸரும் கிளப்பும் மின் இரைச்சல் அதன் வழியாக டேக்குக்குள் ஏறி, ஆம்ப்ளிஃபயர் வரைக்கும் போகலாம். பாட்டை நிறுத்திவிட்டு, ஸ்பீக்கர் பக்கம் காதை வைத்து, மௌஸை அசைத்துப் பாருங்கள். சில வீடுகளில் அசைவுக்குத் தகுந்தபடி கீச்சுச் சத்தம் கேட்கும். இது கற்பனை இல்லை, அளந்து காட்டக்கூடிய நிஜம். விலையுயர்ந்த சர்வர்கள் பெரிய லீனியர் பவர் சப்ளை போட்டுத் தீர்க்கப் பார்ப்பது இதைத்தான்.

மண்டபக்காரர்கள் கண்ட தீர்வு இதைவிட மலிவு. சமையற்கட்டைத் தள்ளிக் கட்டுவது. சர்வரை வேறொரு அறையில், ரவுட்டர் பக்கத்தில் வைத்துவிட்டு, பாட்டுக் கேட்கும் அறையில், நெட்வொர்க்கில் வரும் பாட்டை வாங்கி டேக்குக்குக் கொடுக்கும் சின்ன ஸ்ட்ரீமர் ஒன்றை மட்டும் டேக்கோடு இணைப்பது. இரண்டுக்கும் நடுவில் ஈதர்நெட். ஒவ்வொரு ஈதர்நெட் துளைக்குள்ளும் குட்டி ட்ரான்ஸ்ஃபார்மர்கள் உண்டு. 1,500 வோல்ட் தாங்கும் மின்பிரிப்பு வேண்டும் என்பது அந்தத் தரத்திலேயே எழுதியிருக்கிறது. உலோக உறை இல்லாத சாதாரண யு.டி.பி. கேபிள் போட்டால் இரண்டு பெட்டிகளின் எர்த்தும் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும். ஸ்ட்ரீமரில் ஃபேன் கிடையாது, டிஸ்க் கிடையாது, வேலையும் குறைவு. அது கிளப்பும் இரைச்சலும் அந்த அளவுதான். 2007-ல் லின் நிறுவனம் கிளைமாக்ஸ் டி.எஸ். என்ற ப்ளேயரைக் கொண்டுவந்தபோது கோப்புகள் வேறிடத்தில், ஒலிப்பெட்டி வேறிடத்தில் என்பதே அதன் அடிப்படை. இரண்டே வருடத்தில், 2009-ல், இனி சி.டி. ப்ளேயரே செய்வதில்லை என்று அவர்கள் அறிவிக்கும் அளவுக்கு அந்த ஏற்பாட்டில் நம்பிக்கை வைத்தார்கள்.

ஒரே அறையில்தான் வைத்தாக வேண்டும் என்றால் ஃபேன் இல்லாத பெட்டி பாருங்கள்; அலுமினிய உடம்பே சூட்டை வாங்கி வெளியே விடும் ரகம். ஆனால் அதை சென்னை மே மாதத்தில் கதவு மூடிய டி.வி. அலமாரிக்குள் வைத்தால் உடம்பு வாங்கிய சூட்டை விட இடமில்லாமல் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நாலு பக்கமும் காற்றோட்டம் விடுங்கள். கரன்ட் போகிற ஊரில் இருப்பவர்கள் சர்வருக்குச் சின்ன யு.பி.எஸ். ஒன்றும் வைக்க வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் கணக்குப்பிள்ளையின் நோட்டுத்தான் முதலில் கிழியும். ராஸ்பெர்ரி பையின் எஸ்.டி. கார்டு இதில் இன்னும் நோஞ்சான்.

ஆகவே எதை வாங்குவது? சி.டி. எடுத்தல், சீட்டு எழுதுதல், செட்டிங் மாற்றுதல் எதிலும் கைவைக்கப் பிடிக்காதவர்கள், பணம் இருந்தால், தயாராக வரும் பெட்டியை வாங்கலாம்; அவர்கள் காசு கொடுப்பது சௌகரியத்துக்கும் சர்வீஸுக்கும், அதில் தப்பில்லை. ரூன் வேண்டும் என்பவர்களுக்கு இன்டெல் ஆரம்பித்து 2023-ல் ஏசஸிடம் போன நக் மாதிரிக் குட்டி கம்ப்யூட்டர் போதும்; அதற்கென்று ரூனே ஒரு இயங்குதளத்தை இலவசமாகத் தருகிறது. மற்றவர்களுக்கு என் யோசனை: முதலில் ஒன்றும் வாங்காதீர்கள். பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்பில் லிரியானைப் போட்டு, உங்களுக்குப் பழக்கமான ஐம்பது ஆல்பங்களை ஏற்றி, ஒரு மாதம் அதில் தேடித் தேடிக் கேளுங்கள். எது எரிச்சலூட்டுகிறது என்று தெரியும். தேடலா, ஃபேன் சத்தமா, ட்ராக் நடுவே விழும் ஓட்டையா, ஸ்பீக்கரில் கீச்சா. அதைத் தீர்க்கிற பெட்டிக்குக் காசு கொடுங்கள்.

கடைக்குப் போனால் ஒலித்துக் காட்டச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பெட்டி நாளைக்குச் செத்துப்போனால், அல்லது இந்தக் கம்பெனியே மூடிவிட்டால், டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி என் பாட்டுகளைப் பெயரோடும் சீட்டோடும் எடுக்க முடியுமா? சில பெட்டிகளில் கோப்புகள் ஆல்பம் ஆல்பமாக ஃபோல்டர்களில் இருக்கும், சீட்டுகள் கோப்புக்குள்ளேயே இருக்கும். சிலவற்றில் நீங்கள் உட்கார்ந்து திருத்திய பெயர்களும் ராகங்களும் பெட்டியின் சொந்த நோட்டுப் புத்தகத்தில் மட்டும் இருக்கும். இரண்டாவது ரகமாக இருந்தால், விலையைப் பாதியாகக் குறைத்தாலும் வேண்டாம்.